கட்டை பேஸின் அடக்க விலை

எங்கள் பக்கத்து வாத்தியக்காரர்கள் அதைக் கட்டை பேஸ் என்றுதான் சொல்வார்கள். மற்ற பேஸ் கிட்டார்களைவிட அதன் கழுத்து நாலு அங்குலம் குட்டை. சென்னையில் எப்போதோ நடந்து, எப்போதோ மூடிப்போன ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. ஒரு காலத்தில் சேலம், நாமக்கல் பக்கம் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் போய்க்கொண்டிருந்த மெல்லிசைக் குழுக்களில் பாதிக்கு மேல் அதைத்தான் வைத்திருந்தன. சத்தத்துக்காக அல்ல. கடையில் இருந்தவற்றிலேயே அதுதான் மலிவு.

என் தம்பியிடம் ஒன்று இருந்தது. கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து கல்லூரி நாட்களில் வாங்கியது. சேலத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவன் கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவோடு பேஸ் வாசிப்பான். தும் என்று விழும் சத்தம் அது. நீண்டு இழுக்காது. பாடுகிறவர்கள் குரல்மேல் ஏறாது. பூசையில் அது ஒலிப்பதை யாரும் கவனித்ததில்லை. ஆனால் அவன் வராத வாரங்களில், பாட்டில் ஏதோ குறைகிறதே என்று பின்வரிசைப் பெண்கள்கூடச் சொல்வார்கள்.

நான் திருச்செங்கோட்டில், போர்வெல் வண்டி கட்டுகிற ஒரு கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். ஒரு வண்டிக்கு எத்தனை டன் இரும்பு, எத்தனை மணி நேர வெல்டிங், எவ்வளவு பெயின்ட் என்று பார்த்து, இந்த விலைக்குக் கீழே கொடுத்தால் நஷ்டம் என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். அடக்க விலை என்பது ஆசைக்கு வளைந்து கொடுக்காது என்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தம்பிக்கு நடந்ததில் எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவனும் கேட்டுக்கொண்டான்.

ஆரம்பித்துவைத்தது பெங்களூரிலிருந்து வந்த ஒருவர். பழைய கிட்டார்களைச் சேர்க்கிறவர். யாரோ சொல்லி, காரை வெளியே நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். கட்டை பேஸை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு லட்சத்துக்குமேல் தருகிறேன் என்றார். தம்பி சிரித்துவிட்டு, விற்பதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண் அவனிடம் வந்தாள். இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். அவளுக்கு பேஸ் கற்க வேண்டும். பெரிய பேஸ்களில் அவள் விரல் எட்டவில்லை, இதில் எட்டுகிறது.

"அண்ணா, இது மாதிரியே ஒண்ணு எங்க கிடைக்கும்?"

எங்கேயும் கிடைக்காது என்று சொல்லும்போது அவன் முகம் போன போக்கை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, அதை நாமளே மறுபடி செஞ்சா என்ன?"

"எதை?"

"கட்டை பேஸை. அதே அளவு, அதே சத்தம். பதினஞ்சாயிரத்துக்குக் குடுக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைங்க வாங்கற விலைக்கு."

"பதினஞ்சாயிரம்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அதுக்கு மேல போனா அந்தப் பொண்ணு வாங்க மாட்டா."

விலையை முதலில் வைத்துவிட்டு அடக்கத்தைப் பிறகு தேடுகிறவர்களை எனக்கு ஆபீஸிலும் தெரியும். அவர்களிடம் பேசுவதைப் போலவே அவனிடமும் பேசினேன். ஒன்று செய்தால் எவ்வளவு ஆகும், நூறு செய்தால் எவ்வளவு ஆகும் என்று இரண்டு கணக்கு இருக்கிறது என்றேன்.

"அந்தக் காலத்துல கையால இழைச்சே மலிவா குடுத்திருக்காங்க. இப்ப மெஷின் எல்லாம் வந்த பிறகு நமக்கு முடியாதாக்கா?"

"அப்ப வெளிநாட்டு கிட்டார் உள்ளேயே வராது. இதை விட்டா வேற இல்ல. அதனால வருஷம் பூரா வித்துது. இப்ப போன்ல அமுக்கினா நாலாம் நாள் வாசல்ல சீனா பேஸ் வந்து நிக்குது. அது ஒன்பதாயிரம்."

"அது சத்தமாக்கா?"

சத்தத்துக்கு எங்கள் கம்பெனியில் விலை போட்டதில்லை.

முதலில் அவன் சென்னைக்குப் போனான். பட்டறைக்காரரின் மகனைத் தேடிப் பிடித்து, பட்டறையின் பெயரைப் பயன்படுத்த அனுமதி கேட்க. நானும் கூடப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மகனுக்கே அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காபி கொடுத்தார். தம்பி மடியில் இருந்த கட்டை பேஸை ஒருமுறை பார்த்தார், தொடவில்லை.

"அந்தப் பேரு மேல எங்களுக்கு உரிமை கொண்டாட ஒண்ணும் இல்ல தம்பி. தாராளமா போட்டுக்கங்க. அப்பா கடைசி அஞ்சு வருஷம் நஷ்டத்துலதான் நடத்தினாரு. கிட்டார், ஆர்கன் விக்கற கடைக்காரங்க பாக்கி வெச்சே அவரை முடிச்சாங்க. அளவு எடுத்து வெச்ச பலகை, அச்சு எல்லாம் வீடு மாறும்போது போயிடுச்சு." அப்புறம் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஏன் இதைச் செய்யறீங்க?"

தம்பி கோயில் பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவர் தலையாட்டினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். லிஃப்டில் இறங்கும்போது தம்பி சொன்னான், "நல்ல மனுஷன்." எனக்கு அவர் கேட்ட கேள்வியே காதில் நின்றது.

மரவேலைக்கு ஆள் என் வழியாகக் கிடைத்தார். மல்லசமுத்திரத்தில் கதவு செய்கிறவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் பலகையில் தானே செதுக்கும் மெஷின் ஒன்றை வைத்திருந்தார். எங்கள் கம்பெனி ஆபீஸ் கதவை அவர்தான் செய்தார். மெஷின் வாங்கிய புதிதில் மூச்சுவிட நேரம் இல்லாமல் ஓடியதாம். பிறகு இரும்புக் கதவும், மரத்தூளை அழுத்திச் செய்கிற ரெடிமேட் கதவும் வந்துவிட்டன. வாரத்தில் பாதி நாள் மெஷின்மேல் துணி போட்டு மூடிக் கிடந்தது. நாங்கள் போனபோது அந்தத் துணியைத்தான் முதலில் எடுத்தார்.

"ஏனுங் அம்மிணி, கதவுல கஜலட்சுமியவே செதுக்குதுங்க இந்த மிசினு. ஆனையோட தும்பிக்கை, தாமரைப் பூவு எல்லாம் வருது. உங்க கிட்டாருல என்னங்க இருக்குது, நாலு வளைவு. அதைச் செதுக்காதுங்களா?"

"விலைதாங்க பிரச்சினை," என்றேன்.

"மரத்துக்கு நீங்க ரோசனையே பண்ணாதீங்க. மலைவேம்பு எங்க காட்டுலயே நிக்குது. பிளைவுட்காரன் கேக்கற வெலைக்கு வெட்டிக் குடுக்க மனசு வரலீங்க. உடம்புக்கு அது போதுமுங்களா தம்பி?"

தம்பி ஒரு துண்டை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். போதும் என்றான். அவர் சிரித்தார். அந்த ஷெட்டில் அன்று நான் மட்டும்தான் சிரிக்காமல் இருந்தேன்.

அளவு எடுக்கத் தம்பி தன் கட்டை பேஸைப் பிரித்தான். கழுத்தைக் கழற்றி, உள்ளே இருந்த வயர்களின் பற்றவைப்பை எடுத்து, பிக்கப்பை வெளியே எடுத்தான். பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடும். கம்பி அதிர்வதை அதுதான் வாங்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பும். கட்டை பேஸின் சத்தம் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது என்று அவன் நம்பினான். திருச்செங்கோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு கடையில் கேட்டோம். அவர்கள் மெஷினில் அவ்வளவு மெல்லிய கம்பி நிற்கவில்லை, அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து அவனே சுற்ற ஆரம்பித்தான். ஒன்று சுற்ற அரை நாள் பிடித்தது.

"உன் கூலியை எங்க போடறது?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குக்கா கூலி?"

"நூறு செய்யறப்ப நீயே நூறும் சுத்த முடியாது. வேற ஒருத்தர் சுத்துவாங்க. அவங்க கேப்பாங்க."

அவன் மோட்டாரை ஓடவிட்டான்.

கழுத்துக்குத் தேக்கு. அது வளையாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓட வேண்டும். அதை எங்கள் கம்பெனி டர்னர் லேத்தில் கடைந்து கொடுத்தார். கம்பிகளை முறுக்குகிற நாலு கீ, கம்பிகள் உட்காரும் பாலம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் எல்லாம் வெளியிலிருந்துதான் வரவேண்டும். குட்டைக் கழுத்துக்கு ஏற்ற பேஸ் கம்பி நாலும் வாங்கிய பில்லைப் பார்த்தபோது, விற்கப்போகிற விலையில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விட்டது என்று தெரிந்தது. இன்னும் மரத்தையே நான் சேர்க்கவில்லை.

ஆனாலும் அந்த முதல் பேஸ் சத்தம் போட்ட நாள் இருக்கிறதே. ஒரு சனிக்கிழமை மத்தியானம். மல்லசமுத்திரம் ஷெட்டில் தம்பி ஒரு மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து ஆம்ப்பை இணைத்தான். முதல் தட்டுக்கே கூரைத் தகரம் உர்ரென்று அதிர்ந்தது. அடுத்த பக்கம் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். தம்பி கோயிலில் வாசிக்கிற ஒரு தியானப் பாட்டின் பேஸை மட்டும் வாசித்தான். தும், தும் என்று அதே சத்தம். பாட்டு இல்லாமலேயே எனக்குப் பாட்டு கேட்டது. கதவுக்காரர் ஷெட்டின் தூண்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"கையில வருதுங்க சத்தம்," என்றார். "என்ற ஆயுசுல எத்தனையோ செஞ்சிருக்கறன். செஞ்சது எதுவும் இப்படித் திருப்பிப் பேசுனது இல்லீங்க."

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் பள்ளிக்கூட நாட்களில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு மத்தியானத்துக்கு நான் கணக்கு எதையும் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் அந்தப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அவள் விரல்கள் தேடித் தேடிப் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தன. முடித்ததும் கேட்டாள்.

"அண்ணா, இது எவ்வளவு வரும்?"

"பதினஞ்சு."

அவள் வாயெல்லாம் பல்லாக அம்மாவிடம் ஓடினாள். அந்த ஒரு பேஸுக்கு, தம்பியின் உழைப்பைச் சேர்க்காமலேயே, நாற்பதாயிரத்துக்குமேல் ஆகியிருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

முதலாவது எப்போதும் அதிகம்தான் ஆகும். அதை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். மரத்தைக் கதவுக்காரர் அடக்கத்துக்கே தருகிறார். ஒரே ஓட்டத்தில் பல உடல்களை வெட்டினால் மெஷின் நேரம் குறையும். ஆனால் கீ விற்கிறவர் நூறு செட்டுக்குக் குறைந்து வாங்கினால் விலையைக் குறைக்க மாட்டார். பிக்கப் சுற்ற ஆள் வைத்தால் கூலி. அதன்மேல் வரி. சேலத்தில் பெரிய மியூசிக் கடை ஒன்றில் பேசினோம். கடைக்காரர் பேஸை வாசித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, விற்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு வேண்டும் என்றார். அதில் அநியாயம் இல்லை. வாடகை, ஆள், கரண்ட் எல்லாம் அவருக்கும் இருக்கிறது.

எவ்வளவு இறக்கியும் இருபத்திரண்டாயிரத்துக்குக் கீழே வரவில்லை. அதுவும் நூறு செய்தால்.

"விலை குறையணும்னா நூறு செய்யணும். நூறு செய்யணும்னா வாங்கறதுக்கு நூறு பேர் இருக்கணும். நூறு பேர் வரணும்னா விலை குறையணும்," என்றேன்.

"சுத்திச் சுத்தி அங்கயே வருது," என்றான் தம்பி.

"ஆமா."

"ஒரு இடத்துல நாம குதிச்சுத்தான் ஆகணும்."

கதவுக்காரர்தான் குதிக்கலாம் என்றார். நூறு வேண்டாம், முப்பது உடல் வெட்டுவோம், போகப்போகப் பார்ப்போம் என்றார். சும்மா நிற்கிற மெஷின் ஓடினாலே அவருக்குப் போதும் போலிருந்தது. முப்பது உடல்களும் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. முதலில் ஒரு பத்துப் பேஸை முழுதாக முடித்தார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஏழெட்டுப் போயின. பெரும்பாலும் கோயில்கள், சபைகள், ஒரு பள்ளிக்கூடம். எல்லாம் நஷ்டத்துக்குத்தான். அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அவளுக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் நன்றாக அமைந்ததாக இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

கோடை வந்தது. சேலத்து வெயில் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் தேக்குக்குப் புதிது. கதவுக்காரரிடம் இருந்தது கதவுக்கான தேக்கு. கதவு கொஞ்சம் உப்பினாலும் கோணினாலும் இழைப்புளி வைத்து இழைத்துவிடலாம். கழுத்தை அப்படி இழைக்க முடியாது. பழைய பட்டறையில் மரத்தை வருடக்கணக்கில் காயவைத்துத்தான் கழுத்து செய்திருக்கிறார்கள். அப்படிக் காய்ந்த மரத்தை வாங்கினால் விலை எங்கேயோ போய்விடும். நாமே காயவைக்கலாம் என்றால் அத்தனை வருடம் யார் காத்திருப்பது?

மேச்சேரிப் பக்கமிருந்து ஒரு சபையின் வாசிப்பாளர் முதலில் போன் செய்தார். மறுநாள் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது.

"தகரக் கூரைங்க எங்களுது. மத்தியானம் உள்ள நிக்க முடியாது. அதுல வெச்சது தப்புங்களா?" என்று அவர் தம்பியைக் கேட்டார்.

"உங்க தப்பு இல்லைங்க," என்றான் தம்பி.

உள்ளே ஓடிய இரும்புக் கம்பியை முறுக்கிப் பார்த்தான். அதுவும் மரத்தோடு சேர்ந்து வளைந்திருந்தது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று திரும்பி வந்தன. வராதவர்களும் வளைந்த கழுத்தோடு ஒரு மூலையில்தான் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

கதவுக்காரர் விடவில்லை. கழுத்தை ஒரே மரமாகச் செய்யாமல் மூன்று பட்டைகளாக ஒட்டினால் வளையாது என்றார். அதைச் செய்தோம். வளையவில்லை. கூடவே விலையையும் இறக்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பிக்கப் சுற்றுவதை விட்டுவிட்டு, ரெடிமேடாக மொத்த விலைக்கு வருவதைப் போட்டோம். பாலம், கீ எல்லாம் அடுத்த தரம். பெயின்ட் ஒரு கை குறைவு. அடக்கம் முதல்முறையாகப் பதினைந்துக்குப் பக்கத்தில் வந்தது. நான் மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பேஸைத் தம்பியின் கடையில் வைத்துக் கேட்டோம். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஒன்பதாயிரம் ரூபாய் சீனா பேஸ் அங்கே இருந்தது. தம்பி என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான்.

"இப்ப எது?"

"நம்மது."

"இல்லக்கா. இப்ப?"

"இதுதான் நம்மது."

"அதுவும் இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் எங்கள் பேஸை மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தான். கோபம் இல்லை அவனிடம். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விலையைக் குறைக்கக் குறைக்க இதுவா மாறிடுது. இதை அவங்க நம்மளைவிட மலிவாவும் நல்லாவும் செய்யறாங்க. அப்புறம் நாம எதுக்குக்கா?"

தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். நீ போ, கொஞ்சம் வேலை இருக்கிறது என்றான். வேலை எதுவும் இருக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். தோளில் புதுப் பை. அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா ஆன்லைனில் வாங்கிக் கொடுத்துவிட்டார், பிறந்தநாளுக்கு என்றாள். குட்டைக் கழுத்து மாடல்தான், இப்போது அதுவும் வருகிறது என்றாள். கம்பி உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது, சரி செய்து தர முடியுமா என்று கேட்டாள்.

தம்பி பேஸை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துக் கழுத்தைப் பார்த்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கம்பியை இறக்கி, பாலத்தைத் திருத்தி, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோக மெட்டுகளின் ஓரத்தில் இருந்த கூர்மையை ராவி எடுத்தான். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். நன்றாகவே இருந்தது.

"எவ்வளவுண்ணா?"

"ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போய் நல்லா வாசி."

அவள் போன பிறகு மேசையில் விழுந்திருந்த உலோகத் தூளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். மேசை சுத்தமான பிறகும் துடைத்தான்.

பழைய கட்டை பேஸை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். கதவுக்காரர் எதையும் கேட்கவில்லை. இருந்தாலும் அவருடைய தேக்குக்காவது கொடுக்க வேண்டும் என்று தம்பி நினைத்தான். பெங்களூர்க்காரருக்குப் போன் செய்தான். உடனே வந்தார். இந்த முறை சின்ன ஸ்குரூ டிரைவரும் டார்ச்சும் கொண்டுவந்திருந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார், இந்த சால்டரிங் பழசு இல்லியே. யாரோ பிரிச்சிருக்காங்க."

"நான்தான் பிரிச்சேன். அளவு எடுக்க. எல்லாத்தையும் அதே மாதிரி திருப்பிப் போட்டுட்டேன். சத்தத்துல ஒண்ணும் மாறல, கேட்டுப் பாருங்க."

"சத்தம் சரியாத்தான் இருக்கும் சார்." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "பட்டறையில வெச்ச சால்டரிங் அப்படியே இருந்தாத்தான் அந்த விலை. கை பட்டுட்டா அது வேற."

சொன்னதில் பாதிக்கும் கீழே கொடுத்தார். தம்பி பேரம் பேசவில்லை. அவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அவர் வீட்டில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டப்படும் என்று சொன்னார். நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்பதற்காக அதைச் சொன்னார்.

மல்லசமுத்திரத்தில் பத்தொன்பது உடல்கள் மீதி இருந்தன. கதவுக்காரர் கொஞ்ச நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றின் நடுவில் வட்டமாகத் துளை போட்டு, முள்ளும் எண்களும் வைத்துச் சுவர்க் கடிகாரம் ஆக்கினார். சேலத்தில் புதிதாகத் திறந்த ஒரு காபிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆறு கேட்டார். மீதியும் இரண்டு மாதத்துக்குள் போய்விட்டன. என் காஸ்டிங் அனுபவத்தில் அதைப்போல லாபம் நின்ற பொருளை நான் பார்த்ததில்லை. வாசிக்க முடியாத கிட்டாரை வாங்க ஆள் இருந்தார்கள். இன்னும் வெட்டட்டுமா என்று கதவுக்காரர் தம்பியைக் கேட்டார். உங்க இஷ்டம்ண்ணா என்றான். அவனுக்கு மனசில்லை என்று தெரிந்துகொண்டு அவரும் வெட்டவில்லை.

அடுத்த வருடம் ஷெட்டை முட்டை அட்டை வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து யாரோ வந்து எடுத்துப்போனார்கள். நஷ்டத்தை ஈடுகட்ட முடியாமல் தம்பியும் கடையை மூடினான். இப்போது வீட்டு உபயோகப் பொருள் விற்கிற ஒரு ஷோரூமில் டிவி மாட்டிக் கொடுக்கிற வேலை. சுவரில் துளை போடும்போது அவன் கை நடுங்குவதே இல்லை என்று மேனேஜர் பாராட்டினாராம். அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தான்.

போன தை மாதம் கதவுக்காரரின் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பனமரத்துப்பட்டி. ரிசப்ஷன் அங்கே ஒரு மண்டபத்தில். நானும் தம்பியும் போனோம். வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்து தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா சாமி. முன்னாடி வந்து உக்காருங்க. பாட்டுக்காரங்களை உங்களுக்குன்னேதான் சொல்லி வெச்சிருக்கறன்."

மேடையில் மெல்லிசைக் குழு. பாடுகிறவர்கள் இரண்டு பேர், ஒரு கீபோர்டு, ஒரு எலக்ட்ரானிக் டிரம். முதல் பாட்டு தொடங்கியதும் தம்பி கழுத்தை நீட்டி மேடையின் ஓரம் வரை தேடினான். பேஸ் கேட்டது. தும், தும் என்று மிகச் சரியாக, பாடுகிறவர் குரல்மேல் ஏறாமல் கேட்டது. வாசிக்கிற ஆளைத்தான் காணோம்.

பாட்டு முடிந்த இடைவெளியில் அவன் எழுந்து மேடையோரம் போனான். நானும் பின்னால் போனேன். கீபோர்டு வாசிக்கிறவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

"தம்பி, பேஸ் யாரு?"

"லேப்டாப்ல ஓடுதுங்ணா." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பழைய பேஸ் சவுண்டு எல்லாம் வெச்சிருக்காங்க. எது வேணுமோ எடுத்துக்கலாம்."

"இது என்ன விலை வருது?"

"விலை எல்லாம் இல்லீங்ணா, சும்மாவே கிடைக்குது. டவுன்லோட் பண்ணிக்க வேண்டியதுதான். உங்களுக்கு வேணுமா? லிங்க் அனுப்பறேன், நம்பர் சொல்லுங்க."

தம்பி நம்பரைச் சொன்னான். அவர் போனில் பதிந்துகொண்டார். அடுத்த பாட்டுக்கு நேரம் ஆகிவிட்டது. நாங்கள் நாற்காலிக்குத் திரும்பினோம். தம்பி அந்தப் பாட்டு முழுவதையும் கேட்டான்.

"நல்லாத்தான்க்கா இருக்குது," என்றான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்காரர் எங்கள் இலைக்கு எதிரே நின்று, தானே ஜாங்கிரி வைத்தார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னார். சேலத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது, அவன் நின்றுகொண்டே வந்தான். மறுநாள் காலையில் ஒரு வீட்டில் பெரிய டிவி மாட்ட வேண்டும், சீக்கிரம் போக வேண்டும் என்று சொன்னான்.